இரவல் கோட்டு

அந்த ஆஸ்பத்திரியில் மெரூன் கலர் கோட்டு மொத்தம் ஏழு. நர்சிங் சூப்பரின்டென்டெண்ட் கல்பனா மேடத்தின் ரூமில், இரும்பு பீரோவின் அடித்தட்டில், பாச்சா உருண்டை போட்டு மடித்து வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றின் நெஞ்சிலும் மஞ்சள் நூலில் 'ஸ்பெஷலிஸ்ட் நர்ஸ்' என்று எம்பிராய்டரி. இன்ஸ்பெக்‌ஷன் வருகிற நாளில் மட்டும் பீரோ திறக்கும். காலை ஏழு மணிக்கு டயாலிசிஸ், ஐசியூ, தீக்காய வார்டு நர்சுகள் ஏழு பேரும் வரிசையில் நின்று, நோட்டில் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும். வந்தவர்கள் பிரியாணி தின்று, பல் குத்தி, கார் ஏறி கேட்டைத் தாண்டியதும் திரும்ப வரிசை. கழற்றிக் கொடுத்துவிட்டு இன்னொரு கையெழுத்து. துவைக்க மாட்டார்கள். துவைத்தால் கலர் போய்விடுமாம்.

ஒன்பது வருசத்தில் ஷைனி அந்தக் கோட்டைப் பதினோரு தடவை போட்டிருக்கிறாள். எந்தத் தடவையும் போன தடவை போட்ட கோட்டு கைக்கு வராது. அக்குளில் வேறு எவளோ ஒருத்தியின் வேர்வை காய்ந்து உப்புப் பூத்திருக்கும். அதற்கு மேல் தன் வேர்வையை ஊற்றிவிட்டு, சாயங்காலம் கழற்றும்போது குமட்டும். வீட்டுக்குப் போய் இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளிப்பாள். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டு வரும். அதில் 'ஸ்டாஃப் நர்ஸ், கிரேடு மூன்று' என்று இருக்கும். காலேஜிலிருந்து நேற்று வந்து, ஜுரத்துக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிற பெண்ணுக்கும் கிரேடு மூன்றுதான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குத் திரும்புகிற முனையில் இருந்தது ஆஸ்பத்திரி. முன்பக்கம் பூராவும் பச்சைக் கண்ணாடி என்பதால் ஜனங்கள் அதைப் பச்சைக் கண்ணாடி ஆஸ்பத்திரி என்றார்கள். ரோலிங் மில்லில் கை நசுங்கினவன், பர்னஸில் உருக்கு தெறித்து முதுகு வெந்தவன், எல்லாரும் அங்கேதான் வந்து விழுவார்கள். மேல் மாடியில் டயாலிசிஸ். ஆறு மெஷின்.

டயாலிசிஸில் எல்லாம் கையில் இருக்கிறது. நோயாளியின் முன்கையில் இரண்டு ரத்தக்குழாயை ஆபரேஷன் பண்ணி ஒன்றாக இணைத்து வைத்திருப்பார்கள். தோலுக்கு அடியில் அது மண்புழு மாதிரி தடித்து ஓடும். விரலை வைத்தால் பூனை உறுமுவதுபோல அதிரும். அந்த அதிர்வைத் தொட்டுப் பார்த்தே ஆழம் கண்டுபிடித்து, ஆணி கனத்துக்கு இருக்கிற ஊசி இரண்டை ஏற்ற வேண்டும். ஒரு நூல் தப்பினால் ரத்தம் தோலுக்குள் கொட்டிக் கை பூரி மாதிரி உப்பிவிடும். குழாய் கெட்டால் அந்த ஆள் கதை பாதி முடிந்தது. ஷைனி இதற்கென்று தனியாக ஒரு வருசம் படித்தவள். விடிகாலை ரயிலில் சென்னைக்குப் போய்ப் போய்ப் படித்தாள். ஒன்பது வருசத்தில் அவள் ஊசி தப்பியதை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

போன வருசம் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் வேலைக்கு ஆள் கேட்டார்கள். சம்பளம் இதைப்போல ஒன்றரை மடங்கு. ஐந்து வருச ஸ்பெஷாலிட்டி அனுபவத்துக்குச் சான்று வேண்டும் என்றார்கள். இங்கே ஆபீசில் கேட்டபோது, 'ஷைனி யேசுதாஸ், பொது நர்ஸ், கிரேடு மூன்று' என்று அடித்துக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு சென்னைக்காரன், "வார்டு வேலை இருந்தா சொல்றோம்மா" என்று அனுப்பிவிட்டான். அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. இந்த கிரேடு மாறாமல் இந்த கேட்டைத் தாண்டினால் ஒன்பது வருசமும் காற்று. யாரிடமும் காட்ட முடியாது. ஏழு பேரும் சேர்ந்து மனு எழுதிக் கொடுத்தார்கள். பத்து மாதம் கழித்து, கிரேடிங் கமிட்டி கூப்பிடுகிறது என்று சொல்லி அனுப்பினார்கள். சீனியர் என்பதால் முதலில் ஷைனி.

அன்றைக்குக் காலையில் நாஷ்டா சாப்பிடும்போது அப்பா யேசுதாஸிடம் சொன்னாள். அவர் இட்லியைப் பிய்த்துக்கொண்டே சிரித்தார். இரும்பு மில்லில் இருபத்திரண்டு வருசம் கிரேன் ஓட்டியவர். மில்லை விட்டு வரும்போது கொடுத்த காகிதத்தில் 'ஹெல்பர்' என்று இருந்தது.

"குடுக்க மாட்டான். போய்க் கேட்டுட்டு வா."

"இன்னா நைனா இது? குடுக்க மாட்டான்னு நீயே சொல்ற. அப்புறம் இன்னாத்துக்குப் போவணும்?"

"நான் கேக்காத வுட்டவன். இருபத்திரண்டு வருசம் அந்த நாத்தத்த மோந்துகினு இருந்தேன். நீ கேட்டுட்டு வந்து நிம்மதியா தூங்கு."

கமிட்டி ரூமில் ஏசி குளிரில் பல் கிட்டியது. மேசை நடுவில் ஹெச்.ஆர். மேனேஜர் சரவணகுமார் சமோசாவைச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் சென்னையிலிருந்து வந்த கன்சல்டன்ட். அவன் கடைசிவரை செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இன்னொரு பக்கம் கல்பனா மேடம்.

"உக்காருங்க சிஸ்டர்," என்றான் சரவணகுமார். "ஸ்பெஷலிஸ்ட் கிரேடு கேட்டிருக்கீங்க. சந்தோஷம். ஸ்பெஷல் வேலை செய்றீங்கன்றதுக்கு ப்ரூஃப் இன்னா இருக்கு?"

"ஒம்போது வருசமா ஊசி நான்தான சார் ஏத்திக்கினு இருக்கேன்."

"அது வாயால சொல்றது. பேப்பர்ல இருக்கணும் இல்ல?"

சமோசா எண்ணெயை டிஷ்யூவில் துடைத்துவிட்டு ஒரு ஃபைலைத் திறந்தான். டயாலிசிஸ் சார்ட்டுகள். ஒவ்வொரு தாளிலும் 'ஊசி ஏற்றியவர்' என்று ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் 'எம்.வி.'

எம்.வி. என்றால் டாக்டர் மணவாளன். புதனும் சனியும் வருவார். அரை மணி நேரம் இருப்பார். ஒருநாளும் ஊசியைத் தொட்டதில்லை. காப்பீட்டில் நோயாளிகள் வர ஆரம்பித்த புதிதில் கல்பனா மேடம்தான் வந்து சொன்னாள்: "அந்தக் கட்டத்துல டாக்டர் இனிஷியலப் போட்டுடுங்கடி. டாக்டர் பேரு இருந்தா பில்லு தகராறு இல்லாம பாஸாவும்." யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஷிஃப்ட் முடிந்தால் போதும் என்று போட்டார்கள். ஷைனியும் போட்டாள். டாக்டரைவிட அழகாகவே போடுவாள்.

"இதுல உங்க பேரு எங்க சிஸ்டர்?"

"அது என் கைதான் சார். டாக்டர் வாரத்துல ரெண்டு நாளுதான் வராரு. மீதி நாளு பேய் வந்தா போட்டுச்சு?"

சரவணகுமார் நாற்காலியில் சாய்ந்தான். முகத்தில் ஒரு நிதானம் வந்தது. இதற்காகவே காத்திருந்த மாதிரி.

"அப்ப ஒன்பது வருசமா டாக்டர் இனிஷியலை நீங்க போட்டிருக்கீங்க. அதுக்குப் பேரு என்னன்னு உங்களுக்குத் தெரியுமா? என் வாயால சொல்ல வேணாம்னு பாக்கறேன்."

ஷைனி கல்பனா மேடத்தைப் பார்த்தாள்.

"மேடம், நீங்கதான போடச் சொன்னீங்க?"

கல்பனா மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் எழுதிக் குடுத்தேனா ஷைனி?" என்றாள். குரல் தாழ்ந்துதான் வந்தது.

ஆக, வேலை செய்ததற்கு அத்தாட்சி காட்டினால் அது கள்ளக் கையெழுத்துக்கு அத்தாட்சி. வாயை மூடிக்கொண்டால் வேலையே செய்யவில்லை. எவ்வளவு நாளாக இந்தக் கண்ணியைக் கட்டி வைத்திருந்தார்கள் என்று ஷைனி யோசித்தாள்.

அப்போது கதவு திறந்தது. அருணா. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆன பெண். கிளவுஸைக்கூடக் கழற்றவில்லை, இரண்டு கையிலும் ரத்தம்.

"அக்கா, தணிகாசலம் அண்ணாக்கு கை வீங்கிடுச்சுக்கா. நிக்க மாட்டேங்குது."

ஷைனி எழுந்திருப்பதற்குள் சரவணகுமார் கையை ஆட்டினான். "போங்க, போங்க சிஸ்டர். பேஷண்ட்தான் முக்கியம்."

தணிகாசலம் ரோலிங் மில் ஆள். இரண்டு கிட்னியும் போய் நாலு வருசம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள், ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் மெஷினில் கிடந்தால்தான் உயிர். கட்டிலில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். முன்கையில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருந்தது.

"எங்க பூட்ட சிஸ்டர்? இந்தப் பொண்ணு என் கையில போர் போட்டுச்சு. தண்ணி வரல."

"பேசாதீங்க அண்ணா. கைய ஆட்டாதீங்க."

ஊசியை உருவி, பஞ்சை வைத்துப் பத்து நிமிசம் அழுத்திப் பிடித்தாள். ஐஸ் வைத்தாள். வீக்கத்துக்கு மேலே, முழங்கைப் பக்கம் விரலை வைத்துத் தேடினாள். உறுமல் இருந்தது. குழாய் பிழைத்துவிட்டது. ஊசியைச் சாய்த்துப் பிடித்து ஏற்றினாள். டியூபில் ரத்தம் சரசரவென்று ஏறியது.

"ஆங்," என்றார் தணிகாசலம். "இப்ப வந்துச்சு பாரு தண்ணி." அருணா சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். "ஏம்மா அழுவுற? போர் போட்டா நாலு எடத்துல பாறை வரத்தான் செய்யும். அடுத்த வாட்டி வேற ஆள் நெலத்துல போடு."

மெஷின் ஓடத் தொடங்கியதும் ஷைனி சார்ட்டை எடுத்து நிரப்பினாள். பிரஷர், எடை, நேரம். நிரப்பி முடித்துப் பேனாவை மூடினாள். பிறகுதான் பார்த்தாள். 'ஊசி ஏற்றியவர்' கட்டத்தில் 'எம்.வி.' என்று இருந்தது.

அரை மணி நேரத்துக்கு முன்னால் அதே எழுத்தைக் காட்டித்தான் அவளைக் கட்டிப் போட்டார்கள். அந்தச் சூடுகூட ஆறவில்லை. கை பாட்டுக்குப் போய் எழுதிவிட்டது. ஷைனி சிங்க்குக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் காலையில் தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தாள். சரவணகுமார்மேல் வந்த அருவருப்பு பாதி, தன்மேல் வந்தது பாதி.

திரும்பிப் போனபோது கமிட்டி ரூமில் ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எச்சில் தட்டுகள் அப்படியே கிடந்தன. கல்பனா ஒரு தாளோடு நின்றாள். 'போதிய ஆதாரம் இல்லாததால் கிரேடு மூன்று தொடரும். விசாரணையின் இடையில் எழுந்து சென்றதால் மேற்கொண்டு விளக்கம் பெற இயலவில்லை.'

ஷைனி இரண்டாவது வரியைத் திரும்பப் படித்தாள்.

"எழுந்து போனேனா? அந்தாளுதான மேடம் போகச் சொன்னான்?"

"கையெழுத்துப் போட்டுட்டுப் போ ஷைனி. வம்பு வோணாம். செவ்வாக்கெழம இன்ஸ்பெக்‌ஷன் இருக்கு. அது நல்லபடியா முடியட்டும், நான் பேசறேன்."

"எனக்கு முன்னாடி இருந்தவங்ககிட்டயும் இதத்தான சொன்னீங்க?"

கல்பனா பேனாவை நீட்டினாள். பதினெட்டு வருசமாக அந்த ஆஸ்பத்திரியில் இருப்பவள். அவளுக்கும் மேலே யார் யாரோ என்னென்னவோ சொல்லி வைத்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குப் பீரோ திறந்தது. ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். ஷைனி எதிரில் சுவரில் சாய்ந்து நின்றாள். வெள்ளை யூனிஃபார்ம்.

"ஷைனி, இன்னா வெளையாட்டு இது? வா, வந்து வாங்கு."

"கிரேடு மூணுக்கு ஏது மேடம் கோட்டு?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். கல்பனாவுக்கு முகம் வெளுத்தது. கையில் இருந்த ஏழாவது கோட்டைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு அருணாவைக் கூப்பிட்டு அவள் தோளில் மாட்டிவிட்டாள். அருணா ஒல்லி. கோட்டு ஹேங்கரில் தொங்குகிற மாதிரி தொங்கியது. ஷைனியிடம் வந்து கண் கலங்கினாள்.

"அக்கா, நான் போட்டுக்கட்டுமா? தப்பா நெனைக்காதக்கா."

"போடுடி. அக்குளுப் பக்கம் மட்டும் மூக்க வெக்காத, செத்துடுவ."

இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தது இரண்டு பேர். ஒருவர் ஆபீஸ் ரூமிலேயே உட்கார்ந்துவிட்டார். இன்னொருவர் வயதான பெண் டாக்டர். சரவணகுமார் நீட்டிய இளநீரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராக மேல் மாடிக்கு வந்தார். பின்னாலேயே சரவணகுமாரும் கல்பனாவும் ஓடி வந்தார்கள். தணிகாசலம் கட்டிலில் தயாராக இருந்தார். அவர் கையில் போன வாரத்துக் காயம் பச்சையும் மஞ்சளுமாய்ப் பழுத்திருந்தது.

"இவருக்கு இன்னைக்கு யார் ஊசி ஏத்தறது?"

"எங்க ஸ்பெஷலிஸ்ட் நர்ஸ் மேடம்," என்று கல்பனா அருணாவை முன்னால் தள்ளினாள்.

அருணா ஊசியை எடுத்தாள். விரலை வைத்து உறுமலைத் தேடினாள், கிடைக்கவில்லை. தணிகாசலம் அந்தக் கோட்டைப் பார்த்தார், அதில் இருந்த எழுத்தைப் பார்த்தார், பிறகு அறையின் மூலையில் வெள்ளை யூனிஃபார்மில் நின்ற ஷைனியைப் பார்த்தார். கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை. வாயைத் திறந்தால் தனக்குப் பண்ணுகிற வைத்தியத்துக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவருக்கும் பயம் இருந்தது.

ஷைனி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அசையாமல் இருந்தால் போதும். அந்தப் பெண் இன்னொரு தடவை தப்பவிடுவாள். இரவல் கோட்டின் லட்சணம் எல்லார் முன்னாலும் சந்தி சிரிக்கும். சரவணகுமாரின் நெற்றியில் வேர்வை அரும்பியதைப் பார்த்தாள். அது நன்றாக இருந்தது. ஆனால் நாறப் போவது தணிகாசலத்தின் கை. போன வாரம் பிழைத்த குழாய் இந்தத் தடவையும் பிழைக்கும் என்று எழுதியா வைத்திருக்கிறது? நாம் நிற்க மாட்டோம், போய்ச் செய்துவிடுவோம் என்று இவர்களுக்குத் தெரியும். இத்தனை வருசமும் அந்த ஒன்றை முதலீடாக வைத்துத்தான் இந்தப் பச்சைக் கண்ணாடியே நிற்கிறது. நினைக்க நினைக்க வாயில் கசப்பு ஊறியது. அதோடேயே போய்க் கையைக் கழுவினாள்.

"குடுடி."

ஒரே ஏற்றில் முதல் ஊசி. இன்னொரு ஏற்றில் இரண்டாவது. தணிகாசலம் மூச்சை விட்டார்.

பெண் டாக்டர் ஷைனியின் வெள்ளை யூனிஃபார்மை ஏற இறங்கப் பார்த்தார். ஷைனி சார்ட்டை எடுத்தாள். பிரஷர், எடை, நேரம். அந்தக் கட்டம் வந்தது. கை பழக்கத்தில் 'எம்' போடத் துடித்ததை அவளே உணர்ந்தாள். பேனாவை அழுத்திப் பிடித்து எழுதினாள்: 'ஷைனி யேசுதாஸ், ஸ்டாஃப் நர்ஸ், கிரேடு 3.'

டாக்டர் அதைப் படித்தார். ஃபைலைப் பின்னால் புரட்டினார். "மத்த எல்லாத்துலயும் எம்.வி.ன்னு இருக்கே. யாரு?"

"எங்க நெஃப்ராலஜிஸ்ட் மேடம்," என்றான் சரவணகுமார் அவசரமாக. "ரொம்ப டெடிகேட்டட்."

"அது நான் போட்டது," என்றாள் ஷைனி. "ஒம்போது வருசமா நாங்கதான் ஊசி ஏத்தறோம் மேடம், அவரு இனிஷியலயும் நாங்கதான் போடறோம். போடச் சொன்னாங்க, போட்டோம். தப்புதான். இதுக்காக என் மேல கேஸு போடுவேன்ற மாதிரி மெரட்டறாங்க. போடட்டும். இன்னிலேர்ந்து என் பேரத்தான் எழுதுவேன்."

"சிஸ்டர்!" என்றான் சரவணகுமார்.

பெண் டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதிக்கறேன்," என்றார். அவ்வளவுதான். சிறிய நோட்டில் இரண்டு வரி எழுதினார். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ஒரு மணிக்கு ஷைனி கீழே இறங்கியபோது கான்பரன்ஸ் ஹால் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அந்த டாக்டரம்மாவும் பிரியாணிதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சரவணகுமார் குனிந்து இன்னொரு முட்டை வைத்தான். ஷைனி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மேலே போய்விட்டாள்.

மறுநாள் அவளுக்கு மெமோ வந்தது. யூனிஃபார்ம் விதி மீறல், ஆவணத்தில் முறைகேடு, ஏழு நாளில் விளக்கம். வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். வீட்டில் யேசுதாஸ் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "கேட்டுட்டியா?" என்றார்.

"கேட்டுட்டேன் நைனா."

"நாத்தம் போச்சா?"

"எங்க போவுது?"

அதற்குப் பிறகு இரண்டு நாள் டயாலிசிஸ் நர்சுகள் எல்லாரும் அவரவர் பெயரையே எழுதினார்கள். அருணாகூட 'அருணா, கிரேடு 3' என்று குண்டு குண்டாக எழுதினாள். மூன்றாம் நாள் காலையில் பிரஸ்ஸிலிருந்து புது சார்ட்டு கட்டுக் கட்டாக வந்து இறங்கியது. நல்ல வழவழப்பான தாள். மேலே ஆஸ்பத்திரி பெயர் பச்சையில். பிரஷர் இருந்தது, எடை இருந்தது, நேரம் இருந்தது. 'ஊசி ஏற்றியவர்' கட்டத்தை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள்.

கல்பனா கட்டை மேசையில் வைத்தாள். "இனிமே இதுலதான் எழுதணும்," என்றாள். ஷைனியின் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாள்.

தணிகாசலம் கட்டிலில் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். ஷைனி விரலை வைத்தாள், உறுமலைக் கேட்டாள், ஊசியை ஏற்றினாள். மெஷின் ஓடத் தொடங்கியது. புதுத் தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அருணா, ஸ்கேல் இருக்காடி?"

"இல்லக்கா. எதுக்கு?"

ஷைனி ஒரு மாத்திரை அட்டையை எடுத்துத் தாளின் ஓரமாக வைத்தாள். அதை ஒட்டி பால்பாயிண்ட் பேனாவால் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தாள். கோடு கொஞ்சம் கோணிக்கொண்டு வந்தது. குறுக்கே இரண்டு கோடு. தலைப்பில் 'ஊசி ஏற்றியவர்' என்று எழுதினாள். அதற்குக் கீழே தன் பெயரை எழுதினாள். பக்கத்தில், தாள் கிழிகிற மாதிரி அழுத்தி, கிரேடு மூன்று.

"அடுத்த தாளக் குடு," என்றாள்.